பாதிக் குழியை விட்டுப்போன நரி

ஹோப்பி என்னும் பழங்குடி மக்கள் சோளம் விதைக்கும் வறண்ட நாட்டில், தட்டையான ஒரு மலையின் அடிவாரத்தில், ஒரு தாய் நரி தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது. பக்கத்தில் ஒரு வளைக்கரடி இருந்தது. கட்டைக் கால்களும் நீண்ட நகங்களும் கொண்ட அந்த விலங்கு மண் தோண்டுவதில் கெட்டி.

அந்த வருடம் மழை பெய்யவில்லை. ஊற்று வற்றிப்போனது. முயல்களும் எலிகளும் வேறு பக்கம் போய்விட்டன. நரி நாள் முழுக்க அலைந்து ஒரு பல்லியோ வெட்டுக்கிளியோ கொண்டுவரும். அதைக் குட்டிகளுக்குக் கொடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு படுக்கும்.

காய்ந்த ஓடையில் ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் கிடைக்கும் என்றது வளைக்கரடி. ஒருவர் தோண்ட, மற்றவர் இளைப்பாறுவது என்று இரண்டும் பேசிக்கொண்டன.

தோண்டத் தோண்ட மணல்தான் வந்தது. வாரிப்போட்டதில் பாதி சரிந்து மறுபடி உள்ளே விழுந்தது. நரியின் பாதங்கள் வெடித்துவிட்டன.

ஓடைக் கரைப் புதரில் ஒரு சிள்வண்டு இருந்தது. இவர்கள் இறைத்த மணல் அதன்மேல் விழுந்துகொண்டே இருந்ததால், அதனால் நிம்மதியாகப் பாட முடியவில்லை. இவர்களைக் கிளப்பிவிட நினைத்தது. வளைக்கரடி தூங்கப்போன நேரம் பார்த்து நரியிடம் பேச்சுக் கொடுத்தது.

“ஏன் அக்கா இந்தப் பாடு? அதோ அந்த நீலமலையில நேத்து நல்ல மழை. பாறைக் குழியெல்லாம் தண்ணி நிக்குது.”

நரி நிமிர்ந்து பார்த்தது. மலைமேல் உண்மையிலேயே ஒரு மேகம் இருந்தது. அது மழை மேகம்தானா என்று யோசிக்கக்கூட நரிக்குத் தெம்பில்லை. ‘தோண்டியது போதும்’ என்று யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் அதன் உடம்பு ஏங்கிக் கிடந்தது. வளைக்கரடியை எழுப்பினால் போகவேண்டாம் என்று சொல்லும். அதனால் அதனிடம் சொல்லாமலே, மலையில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லிக் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியது.

கிட்டத்தில் தெரிந்த நீலமலை, நடக்க நடக்கத் தள்ளிப்போனது. போய்ச் சேர்ந்தபோது மேகம் கலைந்திருந்தது. பாறைக் குழிகளில் புழுதிதான் கிடந்தது. சின்னக் குட்டி அங்கேயே சுருண்டு படுத்துவிட்டது. நரி அதைக் கவ்வித் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பியது.

“தண்ணி இருக்குன்னு சொன்னியேம்மா?” என்று பெரிய குட்டி கேட்டது.

நரி வாயிலிருந்த குட்டியை நழுவவிடாமல் கவ்விக்கொண்டு நடையை எட்டிப்போட்டது.

ஓடைக்கு வந்து சேர்ந்தபோது விடிந்திருந்தது. குழி முன்பைவிட ஆழமாக இருந்தது. அடியில் கலங்கலாகக் கொஞ்சம் தண்ணீர். விளிம்பில் வளைக்கரடி படுத்திருந்தது. அதன் நகங்கள் இரண்டு பிய்ந்து, பாதத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

நரி குட்டியைக் கீழே வைத்தது. கிட்டே போக வெட்கப்பட்டு அப்படியே நின்றது.

“பிள்ளைங்க குடிக்கட்டும்,” என்றது வளைக்கரடி, கண்ணைத் திறக்காமலே.

“என்மேல கோபம் இல்லையா அக்கா?”

“கோபப்படத் தெம்பு இல்ல. நீ விட்டுட்டுப் போன இடத்துக்குக் கீழே ஒரு முழம்தான். ஈரம் வந்துடுச்சு. அப்போ பார்த்து மண்ணு சரிஞ்சுது. ஒத்தையாளா தள்ளினதுல நகம் போச்சு. அதுங்க குடிச்சதும் நீ இறங்கு. கரை இன்னும் சரியுது.”

சின்னக் குட்டி முதலில் மெல்ல நக்கியது. பிறகு தலையை விட்டுக் குடித்தது. நரி ஒரு வாய்கூடக் குடிக்காமல் குழிக்குள் இறங்கி, சரிந்த மணலை வெளியே தள்ள ஆரம்பித்தது. வளைக்கரடி அதைப் பார்க்கவில்லை. அதற்குள் தூங்கிப்போயிருந்தது.

களைத்திருக்கும்போது காதுக்கு இதமாக விழும் பேச்சை நம்பி, பாதி வேலையையும் கூட உழைப்பவரையும் விட்டுப் போகக்கூடாது.