தகட்டின் மேல் உட்கார்ந்த குரங்கு

கிட்ட வந்து உட்காருங்கள். தூரத்தில் இருப்பவன் காதில் பாதிக் கதைதான் விழும். மீதியை அவனே கட்டிவிடுவான்.

ஒரு காடு. அதில் ஒரு மணலாறு. கோடை வந்தால் ஆறு வற்றிப்போகும். அப்போது யானைகள் மணலைத் தோண்டும், ஊற்று வரும். யானை குடித்துப் போனதும் மானும் பன்றியும் முயலும் குடிக்கும். யாரும் யாரிடமும் கேட்டுக் குடித்ததில்லை.

ஒரு கோடையில் மனிதர்கள் வந்தார்கள். "பாவம், வாயில்லாச் சீவன்கள்!" என்று ஆழ்குழாய்க் கிணறு போட்டார்கள்.

"நமக்கா வாயில்லை?" என்றது பன்றி.

சிமெண்டுத் தொட்டி கட்டினார்கள். மோட்டார் வைத்தார்கள். அதை ஓட்ட, வெயிலை வாங்கும் கருப்புத் தகடு ஒன்றைக் கம்பத்தின் மேல் நிறுத்திவிட்டுப் போனார்கள். வெயில் அடித்தால் தண்ணீர் கொட்டியது. ஆற்றுப் பக்கம் போவதையே எல்லாம் விட்டுவிட்டன.

செம்மூஞ்சி என்றொரு குரங்கு. அது தன் கூட்டத்தோடு தகட்டின் மேல் ஏறிப் படுத்தது. தண்ணீர் நின்றது. இறங்கினால் கொட்டியது. ஏறினால் நின்றது.

"அட!" என்றது செம்மூஞ்சி. அன்றிலிருந்து அது சும்மா இறங்கவே இல்லை. பின்புறம் சுட்டது. ஆனாலும் பதவி சுகமாக இருந்தது.

தொட்டி காய்ந்தது. புள்ளிமான் குட்டியோடு வந்து நின்றது.

"தண்ணி விடு அண்ணே! குட்டிக்கு நாக்கு ஒட்டுது!"

"அத்திப்பழம் எங்கே?"

"மரத்திலிருந்து நீதானே எங்களுக்குப் பழம் உதிர்ப்பாய்?"

"அப்போது நான் குரங்கு. இப்போது தண்ணீர்க்காரன்! பழம் வந்தால்தான் இறங்குவேன்!" என்றது செம்மூஞ்சி.

மான் மரமரமாக ஓடியது. கீழே ஒரு பழமும் இல்லை. திரும்பி வந்தால் குட்டி முழங்கால் மடிந்து கிடந்தது. மான் அலறிக்கொண்டு கிழிஞ்சகாது என்ற யானையிடம் ஓடியது.

பன்றியும் பின்னாலேயே வந்தது. "அந்தக் கம்பத்தை ஒரு தள்ளு தள்ளு அக்கா! குரங்கெல்லாம் பழமாய் உதிரட்டும்!"

"தள்ளினால் எல்லாரும் எனக்குப் பயந்து என்னைக் கேட்டுக் குடிப்பீர்கள். அப்புறம் நானும் ஒரு செம்மூஞ்சிதான்," என்றது யானை.

அது ஆற்றில் இறங்கியது. துதிக்கையால் மணலை மோந்தது. ஓரிடத்தில் தோண்டியது, வெறும் மணல். பாறை ஓரமாகப் போய்த் தோண்டியது. மணல் கறுத்தது. நனைந்தது. கண் திறந்தாற்போல ஊற்று வந்தது.

"முதலில் குட்டி!" என்று துதிக்கையில் நீரை மொண்டு, குட்டி கிடந்த இடத்துக்குப் போய் அதன் வாயில் விட்டது கிழிஞ்சகாது.

குட்டி குடித்து எழுந்தது. காடே ஆற்றுக்குத் திரும்பியது. தகட்டுக்குக் கீழே பழத்தோடு நிற்க ஆளில்லை. பசித்த குரங்குகள் ஒன்றையொன்று திட்டின, கடித்தன. சண்டையில் மோட்டாருக்குப் போகும் ஒயர் அறுந்தது. செம்மூஞ்சி இறங்கிப் பார்த்தது. தண்ணீர் வரவில்லை.

கடைசியில் கூட்டமே நாக்கு வறண்டு ஆற்றுக்கு வந்தது.

"வாங்க தண்ணீர்க்காரரே!" என்றது பன்றி. "அத்திப்பழம் எங்கே?"

செம்மூஞ்சி ஊற்றோரம் போய்க் குந்தியது. ஊற்றோ ஆழம். கையை நீட்டிப் பார்த்தது, எட்டவில்லை.

"விடப்பா, அதுவும் குடிக்கட்டும்," என்றது யானை. "காட்டுத் தண்ணீருக்குத் திறக்கவும் மூடவும் ஒரு விசை வந்தால், விசைமேல் உட்கார்ந்தவனிடம் காடே கையேந்த வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே, குட்டைக் கைக்கும் எட்டும்படி ஊற்றின் ஒரு கரையைக் காலால் சரித்துவிட்டது கிழிஞ்சகாது.