பவுனம்மாவின் இடம்

செங்கமலம் அம்மாவிடம் சீடராக வந்து சேர்ந்தபோது வேதமூர்த்தி வங்கி மேலாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். அம்மா அவரைவிட வயதில் இளையவர். வீடில்லாதவர்களுக்காக ஒரு சிறிய அறக்கட்டளை நடத்தி வந்தார். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, பிறருக்கு வீடு கேட்பதுதான் அவர் வேலை. சீடர் என்ற சொல் அம்மாவுக்குப் பிடிக்காது. "கூட வர்றவர்னு சொல்லுங்க, போதும்" என்பார்.

பல வருட அலைச்சலுக்குப் பிறகு, கால்வாய்ப் பாலத்தை ஒட்டிய நடைபாதையில் கிடந்த குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது. ஊருக்கு வெளியே, அடுக்குமாடிக் குடியிருப்பில். சாமான்களோடு ஆட்களை ஏற்றிப்போக வேன் வந்து நின்றது. எல்லோரும் ஏறினார்கள். பவுனம்மா மட்டும் ஏறவில்லை.

நடைபாதையை ஒட்டிய பள்ளிக்கூடச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வேதமூர்த்தி வீட்டுச் சாவியை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"எம் புள்ள வருவான் சார். அவனுக்கு இந்த எடந்தான் தெரியும்."

மகன் பெயர் தணிகா. மனநிலை சரியில்லாதவன். போன மழைக்காலத்தில் எழுந்து எங்கோ நடந்து போனவன்தான்.

"டீக்கடையில சொல்லி வெச்சுட்டுப் போகலாமேம்மா."

"அவன் யாராண்டயும் பேச மாட்டான். வருவான், பாப்பான். நான் இல்லன்னா போய்ட்டே இருப்பான்."

வேன்காரர் ஹாரன் அடித்தார். வேதமூர்த்தி அம்மாவைத் தனியே அழைத்துப் போனார்.

"எனக்கு அலுத்துப் போச்சும்மா. எத்தனை பேர்கிட்ட கெஞ்சி வாங்கின வீடு! வேண்டாம்னு உக்காந்திருக்கிறவங்களுக்கு நாம என்ன செய்ய முடியும்? வேற யாருக்காவது கொடுத்துடலாமே?"

அம்மாவின் முகத்திலும் அலுப்புத்தான் இருந்தது. கால் வேறு வீங்கியிருந்தது. மெதுவாக நடந்து போய்ப் பவுனம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இதுக்கு முன்னாடி இப்படிப் போயிருக்கானா?"

"ரெண்டு வாட்டி. ரெண்டு வாட்டியும் இங்கதான் வந்து படுத்தான்."

"ஆள் எப்படி இருப்பான்?"

பவுனம்மா சொன்னாள். நெட்டையாக இருப்பான். புருவத்தில் தழும்பு. யாராவது தொட்டால் கத்துவான். சோறு தொட மாட்டான், இட்லி கொடுத்தால் தின்பான்.

அம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"சரி, நீ கிளம்பு. நான் இங்க உக்காந்திருக்கேன்."

"நீயாம்மா?"

"எடம் காலியா இருந்தாத்தானே போயிடுவான்? ஆள் இருந்தா நின்னு பாப்பான். நெட்டையா ஒருத்தன் நின்னான்னா நான் பேர் சொல்லிக் கூப்புடுறேன்."

பவுனம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து கொடுத்தாள்.

"இப்படி சாஞ்சிக்கோ. அந்தப் பக்கம் செவுத்துல தண்ணி ஒழுவும்."

எழுந்து சாவியை வாங்கிக்கொண்டாள். வேன் புறப்பட்டுப் பாலத்தைத் தாண்டிப் போனது.

வேதமூர்த்தி அம்மாவின் அருகே வந்து நின்றார். வெயில் இறங்கத் தொடங்கியது.

"அவங்க போயாச்சும்மா. எழுந்திருங்க."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வேதமூர்த்திக்கு நிம்மதியாக இருந்தது.

"இடுப்பு விட்டுப் போச்சு சார்" என்றார் அம்மா. "கொஞ்ச நேரம் நீங்க உக்காருங்க."

வேதமூர்த்தி தயங்கினார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நடந்து போகிறவர்களின் செருப்புகள் முகத்தருகே கடந்தன. காலை எங்கே நீட்டுவது என்று தெரியவில்லை. குழந்தையோடு வந்த ஒரு பெண், அவரைக் கண்டதும் குழந்தையை மறுபக்கம் இழுத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடக் காவலாளி வந்தார்.

"யோவ் பெருசு, இங்கெல்லாம் உக்காரக் கூடாது. எந்திரி."

வேதமூர்த்தியிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை.

"ஒருத்தருக்காக உக்காந்திருக்கேன்" என்றார்.

"எல்லாரும் அதைத்தான் சொல்றீங்க" என்றபடி காவலாளி திரும்பிப் போனார்.

அம்மா கடையிலிருந்து இரண்டு டீ வாங்கி வந்தார். எதிரே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார்.

"எத்தனை நாளைக்கும்மா இப்படி?"

"தெரியல."

"அவன் வருவான்னு நம்புறீங்களா?"

"எனக்குத் தோணல."

"அப்புறம் எதுக்கும்மா?"

அம்மா ஒரு டீயை அவர் கையில் கொடுத்தார்.

"பவுனம்மா இன்னைக்குக் கதவைச் சாத்திட்டுத் தூங்கட்டும்."