பக்கவாட்டில் இறங்கிய ஆணி

காசிக்குப் போனாலும் கருமம் தொலையாது என்பார்கள். மாசிலாமணி அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. பஸ் டிரைவர் வேலையை விட்டுவிட்டு மலையடிவாரத்தில் செங்கமலத்தம்மாள் நடத்திய ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. குருவான அம்மாவுக்கு அவரைவிட ஒன்பது வயது குறைவு.

பதினோரு வருஷத்தில் மாசிலாமணி கோபத்தை விட்டார், வெற்றிலையை விட்டார், ஊரிலிருந்த பங்கு நிலத்தைத் தம்பிக்கு விட்டார். ஆசிரமத்து மோட்டார் சைக்கிளை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த காரைப்பட்டிக்கு ஓட்டிப் போவார். அங்கே அம்மா பேசுவார். மாசிலாமணி ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஊர்க்காரர்கள் அவருக்கும் ஒரு கும்பிடு போடுவார்கள்.

போன பௌர்ணமிக்கு அவருக்குக் காய்ச்சல். குணசீலன் ஓட்டினான். வந்து ஒரு வருஷம் ஆகாதவன், நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான். திரும்பி வந்து இறங்கும்போது அம்மா சொன்னார்:

"வண்டி தூக்கிப் போடவே இல்லையே, சீலா."

போர்வைக்குள் கிடந்த மாசிலாமணியின் காதில் அது விழுந்தது. காய்ச்சல் மறுநாள் இறங்கிவிட்டது. வயிற்றெரிச்சல் இறங்கவில்லை. பதினோரு வருஷமாக அவரை மாசிலாமணியண்ணே என்று முழுசாகத்தான் கூப்பிடுகிறார் அம்மா. இவன் மட்டும் சீலாவாம்.

அந்த வாரமே அம்மா ஒரு சின்ன வேலை சொன்னார். வாசல் சுவரில் ஒரே ஒரு ஆணி இருந்தது. அதில் மாசிலாமணியின் ஹெல்மெட் தொங்கும்.

"சீலா ஹெல்மெட்டைத் தரையில வைக்கிறான், பல்லி புகுந்துடுது. இன்னொரு ஆணி வாங்கி அடிச்சுடுங்கண்ணே."

ஆணியை அன்றைக்கே வாங்கிவிட்டார். அடிக்க மட்டும் கை வரவில்லை. ஒரு மாதமாக அது அவர் சட்டைப் பையிலேயே கிடந்தது.

இந்தப் பௌர்ணமியன்று காலையில் அம்மா வண்டிச் சாவியைக் குணசீலனிடம் கொடுத்தார்.

"இன்னைக்கும் நீயே ஓட்டு. அண்ணன் பஸ்ல முன்னாடி போய்ப் பாயெல்லாம் விரிச்சு வைக்கட்டும்."

"சரிங்கம்மா," என்றார் மாசிலாமணி. பாய் விரிக்கிற வேலை. அதைக் கேட்க அவருக்கு அவமானமாக இருந்தது.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் அவர் வண்டியருகே போனார். பின் டயரைத் தடவிப் பார்த்தார். ட்யூப் இல்லாத டயர். தரையில் படுகிற இடத்தில் ஆணி ஏறினால் பஞ்சர் கடைக்காரர் ஐந்து நிமிஷத்தில் ஒட்டிக் கொடுத்துவிடுவார். பக்கவாட்டில் ஏறினால் ஒட்டு நிற்காது, டயரையே மாற்றவேண்டும். இருபது வருஷம் பஸ் ஓட்டியவருக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்.

சட்டைப் பையிலிருந்த ஆணியைப் பக்கவாட்டில் வைத்துக் கல்லால் நாலு தட்டுத் தட்டினார். புஸ்ஸென்று காற்று வெளியேறியபோது அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும்.

நாலு மணிக்கு அம்மா கிளம்பி வந்தார். மாசிலாமணி இன்னும் பஸ்ஸுக்குப் போகாமல் வாசலிலேயே நின்றிருந்தார். டயர் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. குணசீலன் முகம் வாடிவிட்டது.

"நேத்து சந்தைக்குப் போயிட்டு வந்தேன்மா. வழியில எதையும் கவனிக்காம ஓட்டிட்டேன் போல. என் தப்புதான்."

மாசிலாமணி மறுக்கவில்லை. "பார்த்து ஓட்டணும் தம்பி," என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். குற்றமுள்ள நெஞ்சு சும்மா இருக்குமா.

"அம்மா, இதை ஒட்டலாமா, மாத்தணுமா?"

அம்மா டயரைப் பார்த்தார்.

"கடைக்காரர் சொல்லட்டும். சீலா, நீ பஸ்ஸைப் பிடிச்சுப் போய் நான் வரத் தாமதமாகும்னு சொல்லிடு. அண்ணே, நீங்க தள்ளுங்க."

பஞ்சர் கடை அரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மாசிலாமணி வண்டியைத் தள்ள, அம்மா பக்கத்திலேயே நடந்து வந்தார். அவர் ஆசைப்பட்டபடி குணசீலன் இல்லை, அம்மா மட்டும்தான் இருந்தார். ஆனால் அவர் டயரையே பார்த்துக்கொண்டு தள்ளினார்.

கடைக்காரர் பொன்னரசு குனிந்து பார்த்தார். ஓட்டையைக் கண்டுபிடிக்கச் சோப்புத் தண்ணீர்கூடத் தேவைப்படவில்லை.

"நல்ல டயர்தான், இன்னும் ரெண்டு வருஷம் ஓடும். ஆனா பக்கவாட்டுல ஏறியிருக்கே. வண்டி ஓட ஓட மடங்கி விரியுற இடம். ஒட்டினா நிக்காது, மாத்தத்தான் வேணும்." ஆணியைக் குறட்டால் பிடுங்கித் திருப்பிப் பார்த்தார். "ரோட்டு ஆணி இந்த இடத்துல எப்படிங்க ஏறும்? புத்தம் புதுசா வேற இருக்கு. எவனோ வேணும்னே அடிச்சிருக்கான்."

அம்மா கையை நீட்டி ஆணியை வாங்கிக்கொண்டார்.

"மாத்திடுங்க," என்றார்.

பொன்னரசு பழைய டயரைக் கழற்றிப் போட்டுவிட்டு, புது டயர் எடுக்க உள்ளே போனார். இருவரும் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"அம்மா."

"ம்."

"அந்த ஆணி..."

"தெரியும். நான் வாங்கச் சொன்னதுதானே."

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார். கழற்றிப் போட்ட டயர் அவர் காலடியில் கிடந்தது.

"அவனை மட்டும் சீலான்னு கூப்பிடுறீங்க," என்றார். ஐம்பத்து மூன்று வயசில் இப்படியொரு குரல் தனக்குள் இருப்பது அவருக்கே தெரியாது.

"நீங்க வயசுல பெரியவங்க. உங்க பேரைச் சுருக்கினா எங்கம்மா என்னை அடிப்பாங்க."

"வண்டி தூக்கிப் போடலைன்னு சொன்னீங்க."

"நீங்க ஓட்டினா தூக்கித்தான் போடுதுண்ணே. பஸ்னு நெனச்சே ஓட்டுறீங்க. பதினோரு வருஷமாப் பின்னால உட்கார்ந்துதானே வரேன்."

மாசிலாமணிக்குக் கண் கலங்கியது. பொன்னரசு புது டயரை மாட்டிக் காற்று அடித்து முடித்தார். மாசிலாமணி கழற்றிய டயரைக் காட்டிக் கேட்டார்.

"நல்ல டயர். ஓட்டை விழுந்த இடம் சரியில்லைன்னு மாத்திட்டீங்க. என்னையும் மாத்திடுவீங்களாம்மா?"

அம்மா எழுந்து வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கையிலிருந்த ஆணியை அவரிடம் நீட்டினார்.

"முதல்ல ஆசிரமத்துக்கு ஓட்டுங்கண்ணே. சீலா ஹெல்மெட் இன்னும் தரையிலதான் கிடக்கு."