காலியாகக் கிடந்த ஓரம்

ஏலகிரி அடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தபோது குணசீலனிடம் இருந்தவை முழங்காலில் ஒரு அறுவைத் தழும்பும் வாய் நிறையப் பழைய கதைகளும்தான். வியாசர்பாடிக்காரர். கொல்கத்தாவிலும் கோவாவிலும் பெரிய கால்பந்து கிளப்புகளுக்கு வலது விங்கராக ஆடி ஓய்வு பெற்றவர். ஓரக் கோட்டை ஒட்டிப் பந்தோடு பறந்து போய், கோலுக்கு முன்னால் நிற்பவனிடம் சேர்ப்பது அவர் தொழில்.

மடத்துச் சாமி அவரைவிட வயதில் சின்னவர்.

“எனக்குக் காவி குடுங்க சாமி,” என்றார் குணசீலன். “கைதட்டல் எல்லாம் நின்னுபோச்சு. இனிமே எதுவும் வேணாம். தனியா ஓடிப் பழகினவன், இதையும் தனியாவே ஓடிடுவேன்.”

“தனியாவா?”

“ஓரத்துல நான் மட்டும்தானே சாமி.”

சாமி சிரித்தார். “சாயங்காலம் நம்ம ஆளுங்களோட ஒரு ஆட்டம் ஆடுங்க. அப்புறம் காவியப் பத்திப் பேசலாம்.”

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் மைதானம். குணசீலனுக்குப் பின்னால் காவலுக்கு, அதாவது வலது பேக்காக, சமையல்காரர் சடையப்பனை நிறுத்தினார் சாமி. நல்ல தொந்தி. பந்தைக் காலால் தொட்டதே அன்றுதான்.

குணசீலனுக்கு முழங்கால் வலித்தாலும் பழைய கால் பழைய கால்தான். எதிரே வந்தவர்களை ஏமாற்றிக்கொண்டு ஓடி, பந்தைக் கோலுக்கு முன்னால் தள்ளினார். எல்லோரும் கைதட்டினார்கள். அதைக் கேட்டபடி மெல்ல நடந்து திரும்பினார். அதற்குள் எதிரணி பந்தைப் பிடுங்கி, அவர் விட்டுவந்த காலி ஓரத்தில் தள்ளியது. சடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விழுந்தடித்து ஓடினார். மறுபடியும் கைதட்டல், மறுபடியும் சடையப்பன் ஓட்டம். கடைசியில் அந்த மனுஷன் மூச்சு வாங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சாமி ஆட்டத்தை நிறுத்தினார்.

“நீங்க முன்னால போனா உங்க இடம் காலியாயிடுதே. இத்தனை வருஷமா அங்க யார் நின்னாங்க?”

“பேக் நிப்பான் சாமி. அது அவன் வேலை.”

“பேரு?”

கொல்கத்தாவில் சீசன் சீசனாகப் பின்னால் நின்றவனின் முகம் நினைவுக்கு வந்தது. பெயர் வரவில்லை. குணசீலனுக்கு வெட்கமாகிவிட்டது.

“சரி, வீட்ல யார் நின்னாங்க?”

“அமுதா.” இந்தப் பெயர் உடனே வந்தது. “என் சம்சாரம். நர்ஸ். நான் ஊர் ஊராப் போனப்ப பொண்ணுங்களையும் எங்கம்மாவையும் அவதான் பார்த்துக்கிட்டா. இப்ப மதுரையில பெரிய பதவி வந்திருக்கு. போகலன்னுட்டா.”

“ஏன்?”

“நான்தான் இங்க வந்துட்டேனே சாமி. அவளும் போயிட்டா வீட்டுக்கு யாரு...”

குணசீலன் தரையில் உட்கார்ந்திருந்த சடையப்பனைத் திரும்பிப் பார்த்தார்.

சாமி உள்ளே போய், மடித்து வைத்திருந்த புதுக் காவித் துணியை எடுத்து வந்தார். குணசீலன் கையை நீட்டவில்லை. சாமி அதைச் சடையப்பனிடம் கொடுத்து, “முகத்தைத் துடைச்சுக்கோங்க,” என்றார்.

பிறகு குணசீலன் பக்கம் திரும்பினார்.

“வீட்டு ஆட்டத்துல இனிமே உங்க சம்சாரம் முன்னால போகட்டும். நீங்க பேக்.”