நாலாவது சிரட்டை

செம்பாறை மலையின் அடிவாரத்தில் ஒரு மடம். மலையேறி இறங்குகிறவர்களுக்கு மத்தியானம் அங்கே சோறு போடுவார்கள். விறகு அடுப்பு எரிந்த காலத்துக் கதை இது.

மடத்தை நிறுவிய பெரிய சாமியின் சமாதியில் படைத்த பிறகுதான் எவர் நாக்கிலும் அந்தச் சோறு படலாம். அதற்கு முன்னால் சமைக்கிறவர்கள்கூட ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டுப் பார்க்கக் கூடாது.

ருசி பார்க்காமல் அத்தனை பேருக்கு எப்படிச் சமைப்பது? அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அடுப்படியில் யார் எதைச் செய்தாலும் உரக்கச் சொல்லிவிட வேண்டும்.

"சாம்பார்ல உப்பு விழுந்தாச்சு" என்று ஒரு குரல் வரும்.

"கேட்டாச்சு" என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

"ரசத்துக்குப் புளி கரைச்சாச்சு."

"கேட்டாச்சு."

"பேசிக்கிட்டே இருந்துட்டேன், பொரியல் அடிப்பிடிக்கப் பார்க்குது."

"கேட்டாச்சு. நீ பேசினதும் கேட்டாச்சு."

காலையில் அடுப்பு மூட்டியதிலிருந்து படையல் மணி அடிக்கும்வரை இந்தச் சத்தம் ஓயாது.

மாசிலாமணி அந்த மடத்துக்கு முதலில் வந்தது மலையேறத்தான். மனைவி இறந்த வருஷம் அது. மலையிலிருந்து சீக்கிரமே இறங்கிவிட்டார். பசியோடு கூடத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது அடுப்படியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்கால பஸ்ஸில் அவர் ஏறவில்லை. மறுநாள் பஸ்ஸிலும் ஏறவில்லை.

மடத்தின் தலைவர் உலகநாத அடிகள் மாசிலாமணியைவிடப் பத்து வயது இளையவர். அதனால் என்ன? மாசிலாமணி அவரிடம் உபதேசம் வாங்கிக்கொண்டு அவரைச் சாமி என்று அழைத்தார். மடத்தில் எல்லோரும் மாசிலாமணியை அண்ணாச்சி என்றார்கள். அடிகளும் அப்படியே அழைத்தார்.

அப்போது அடுப்படியைப் பார்த்துக்கொண்டவர் குற்றாலம் என்கிற பெரிய சமையற்காரர். அவர் போட்ட சத்தம்தான் எல்லோரையும்விடப் பெரிது. சில நாள் காலையில் வந்து நின்றதுமே, "இன்னைக்கு எனக்குக் கை நிதானத்துல இல்ல, எல்லாரும் என் மேல ஒரு கண்ணு வச்சுக்கோங்க" என்பார். அவர் காலமான பிறகு அடுப்படிப் பொறுப்பு மாசிலாமணியிடம் வந்தது.

மாசிலாமணி மடத்துக்கு வருமுன் ஒரு நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்தவர். ஒரு வேலைக்கு ஒரு ஆள், ஒரு தப்புக்கு ஒரு பெயர் என்று பழகியவர். பொறுப்பு வந்த அன்றே சொல்லிவிட்டார்.

"இது சாமிக்குச் சமைக்கிற இடம். சந்தைக்கடை இல்ல. இனிமே இங்க பேச்சு வேண்டாம். அவங்கவங்க பாத்திரத்தை அவங்கவங்க பார்த்துக்கோங்க."

இன்னொன்றும் சொன்னார். தப்புச் செய்தவர் பந்தி வாசலில் நின்று சாப்பிட வருகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

முதல் வாரத்திலேயே காய்கறி நறுக்கும் கோமதி அவரிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, அவரைக்காய் அடிப்பிடிச்சிட்டு. மேலாக எடுத்துட்டேன். நீங்களும் ஒரு வார்த்தை தெரிஞ்சுக்கோங்கன்னுதான் வந்தேன்."

அவளை வாசலில் நிறுத்தினார். எல்லாப் பந்தியும் முடியும்வரை கை கூப்பியபடி நின்றாள். அவளுடைய மகள் வயதுப் பெண்கள் அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார்கள்.

அதற்குப் பிறகு ஒரு தப்பும் மாசிலாமணியின் காதுக்கு வரவில்லை. அடுப்படி திருந்திவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆனாலும் சில காலைகளில் அந்த அமைதியில் நிற்கும்போது, எதையோ எங்கேயோ வைத்துவிட்டு வந்தது போலிருக்கும். என்னவென்று பிடிபடாது.

ஒரு பௌர்ணமி வந்தது. கூட்டம் அதிகம். பெரிய அண்டாவில் சாம்பார் கொதித்தது. அந்த அண்டாவுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய உப்பு. அது குற்றாலம் வைத்துவிட்டுப் போன அளவு.

மாசிலாமணி அடுப்படிக்குள் வந்தபோது அண்டாவுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. சாம்பார் தாண்டவனின் பொறுப்பு. தாண்டவன் மீசை முளைக்காத வயதில் மடத்துக்கு வந்தவன், இப்போது தலை நரைத்துவிட்டது. கிணற்றடிக்குப் போயிருந்தான். உப்புச் சாடி திறந்து கிடந்தது.

போட்டானா, போடவில்லையா?

கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டால், பொறுப்பில் இருக்கிறவருக்கே தெரியவில்லை என்று ஆகிவிடும். நேற்று ரசம் சப்பென்று இருந்ததை அடிகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டது நினைவுக்கு வந்தது. இன்றும் அப்படி ஆனால் தன் பெயர் என்னாவது? மாசிலாமணி இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு சிரட்டை உப்பை அள்ளி அண்டாவில் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

படையல் முடிந்து பந்தி உட்கார்ந்தது. முதல் கவளத்திலேயே கூடம் அமைதியானது. பிறகு ஓரத்திலிருந்து ஒரு அம்மாள் சொன்னாள்.

"ராமேஸ்வரம் போயி கடல்ல முங்கணும்னு நேந்திருந்தேன். கடல் இங்கயே இலைக்கு வந்துட்டு."

சிரித்தார்கள். ஆனால் மலையேறிக் களைத்து வந்த குழந்தைகள் வெறும் மோரை ஊற்றிக்கொண்டு எழுந்தன. இலைகளில் சோறு அப்படியே கிடந்தது. அடிகள் தம் இலையில் விழுந்ததைத் தண்ணீர் குடித்துக் குடித்துத் தின்று முடித்தார்.

மாசிலாமணி அடுப்படிக்குப் போனார்.

"யார் போட்டது?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. தாண்டவன் தரையைப் பார்த்தான். மாசிலாமணிக்குத் தான் போட்டது நினைவில் இருந்தது. ஆனால் தன் ஒரு சிரட்டையால் இவ்வளவு கரிக்காது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். நேராக அடிகளிடம் போனார்.

"சாமி, தாண்டவனை அனுப்பிரணும்."

"எங்க?"

"எங்கயாவது."

"எங்கயாவதுன்னு அவனுக்கு ஒரு ஊர் இருந்தா இங்க ஏன் அண்ணாச்சி வந்திருப்பான்?"

"சாம்பார் அவன் பொறுப்பு. கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கான். ஒருத்தருமே திறக்க மாட்டேங்காங்க." மாசிலாமணி குரலைத் தாழ்த்தினார். "சாமி, ஏன் எங்கிட்ட மட்டும் ஒருத்தரும் ஒண்ணையும் சொல்ல மாட்டேங்காங்க?"

அடிகள் இன்னொரு சொம்பு தண்ணீர் குடித்தார்.

"நீங்க மலையேறத்தானே வந்தீங்க. சாயங்காலம் பஸ்ஸு இருந்துச்சே. ஏன் தங்கினீங்க?"

மாசிலாமணி யோசித்தார்.

"சத்தம் கேட்டுச்சு, சாமி."

"என்ன சத்தம்?"

"இந்த அடுப்படிச் சத்தந்தான். உப்பு விழுந்தாச்சு, கேட்டாச்சுன்னு. அவ போன பிறகு வீட்ல நான் ஒருத்தன்தான். என்ன சொன்னாலும் கேட்டாச்சுன்னு சொல்ல ஆள் கிடையாது. இங்க ஒருத்தர் சொன்னா நாலு பேர் பதில் சொன்னாங்க. அதைக் கேட்டுக்கிட்டே இருக்கலாம்போல இருந்துச்சு."

"எனக்கு அதுதான் கடிகாரம்" என்றார் அடிகள். "பூஜை அறைக்குள்ள இருந்தே தெரியும். உப்பு விழுந்தாச்சுன்னு காதுல விழுந்தா நான் பூ எடுக்கக் கிளம்பணும். ஒரு நாள் குற்றாலம் கத்துறார், 'சாமி, நெய்யக் கொட்டிட்டேன், படையலுக்கு நெய் இல்ல'ன்னு. நான் உள்ள இருந்தே கேட்டாச்சுன்னேன். அன்னைக்குப் பெரிய சாமி நெய் இல்லாமச் சாப்பிட்டார்."

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்தது. குற்றாலத்தின் குரல் அப்படியே காதில் கேட்டது. பிறகு அந்தச் சிரிப்பு நின்றது.

"தாண்டவன் விஷயம் நாளைக்குப் பார்க்கலாம்" என்றார் அடிகள். "அதுக்கு முன்னால அவங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டு வாங்க. யார் போட்டதுன்னு கேட்க வேண்டாம். யாருக்காகப் போட்டீங்கன்னு கேளுங்க."

அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மாசிலாமணி வாசற்படியில் நின்று கேட்டார்.

"யாருக்காகப் போட்டீங்க?"

தேய்க்கிற சத்தம் நின்றது. கோமதிதான் முதலில் பேசினாள்.

"தாண்டவண்ணனுக்காக."

"என்னது?"

"அண்ணன் கிணத்தடிக்குப் போயிட்டாரு. உப்பு மறந்திருப்பாரோன்னு தோணுச்சு. கேட்டா பேச்சுச் சத்தம் உங்களுக்குக் கேக்கும். அப்படியே விட்டா அவரை வாசல்ல நிறுத்திருவீங்க. நான் நின்னவ. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதான் பேசாமப் போட்டுட்டேன்."

அடுப்பு எரிக்கிறவன் சங்கிலி. அவன் கையிலிருந்த சாம்பலைத் தட்டினான்.

"நானும் அதுக்குத்தான் அண்ணாச்சி ஒரு சிரட்டை போட்டேன்."

தாண்டவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏ, நான்தான் கிணத்துக்குப் போகும்போதே போட்டுட்டேனே."

"போட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்னவாம்?" என்றாள் கோமதி.

"பேசக் கூடாதுல்லா?"

சங்கிலி பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். தாண்டவன் சிரிக்கவில்லை. அடியில் மிச்சமிருந்த சாம்பாரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். படையல் முடிந்துவிட்டதால் இப்போது தொடலாம்.

"மூணு சிரட்டைக்கு இவ்வளவு கரிக்காதே" என்றான்.

மூன்று பேரும் உப்புச் சாடியைப் பார்த்தார்கள். மாசிலாமணியை ஒருவரும் பார்க்கவில்லை.

"பாத்திரத்தத் தேய்ங்க" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

அடிகள் நந்தவனத்தில் செவ்வரளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"மூணு பேரும் போட்டிருக்காங்க, சாமி. ரெண்டு பேரு தாண்டவனைக் காப்பாத்தப் போட்டிருக்காங்க."

"அப்போ மூணு பேரையும் அனுப்பிருவோமா?"

"வேண்டாம், சாமி. இருக்கட்டும்."

"கணக்குச் சரியா வந்துட்டா?"

அடிகள் அடுத்த செடிக்குப் போனார். அதற்கும் தண்ணீர் விட்டு, வாளி காலியாகும்வரை காத்திருந்தார். பிறகும் பதில் வரவில்லை.

"சாமி" என்றார் மாசிலாமணி கடைசியில். "நாளைக்கு நான் என்ன செய்யணும்?"

"எனக்குப் பூ எடுக்க நேரம் தெரிஞ்சா போதும்" என்று சொல்லிவிட்டு அடிகள் வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை அடுப்படி எப்போதும்போல அமைதியாக இருந்தது. விறகு வெடிக்கிற சத்தம் மட்டும். கோமதி பூசணிக்காய் நறுக்கினாள். சங்கிலி ஊதுகுழலோடு குனிந்திருந்தான். தாண்டவன் சிரட்டையில் உப்பை அள்ளி, ஒரு தரம் மாசிலாமணியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வாய் திறக்காமல் அண்டாவில் போட்டான்.

மாசிலாமணி நின்ற இடத்திலேயே நின்றார். ஆலையில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல் அவருடையது. பல வருஷமாக அது வெளியே வரவில்லை.

"சாம்பார்ல உப்பு விழுந்தாச்சு" என்றார்.

கோமதியின் கத்தி நின்றது. ஒருவரும் பதில் சொல்லவில்லை. இது என்ன புது வம்பு என்பதுபோல் சங்கிலி தாண்டவனைப் பார்த்தான்.

மாசிலாமணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நேத்து நாலாவது சிரட்டை நான் போட்டது."

சங்கிலி ஊதுகுழலைக் கீழே வைத்தான்.

"யாருக்காகவும் போடல. எனக்காகப் போட்டேன்."

தாண்டவனின் கையில் காலிச் சிரட்டை அப்படியே இருந்தது. கோமதி எழுந்து நின்றாள். தானும் போய் நிற்க வேண்டிய பந்தி வாசல் பக்கம் மாசிலாமணி ஒரு கணம் திரும்பினார்.

பூஜை அறைக் கதவு திறந்தது. பூக்கூடையைக் கையில் எடுக்கிற சத்தம் வந்தது. அதற்குப் பின்னால் அடிகளின் குரல், உரக்க, பழைய நாட்களில் வந்ததைப் போலவே வந்தது.

"கேட்டாச்சு."