குளிக்காத மன்னரும் மிதந்த தெப்பமும்

முன்னொரு காலத்தில், மூன்று வருஷமாக வானம் கண்ணைத் திறக்காத ஒரு நாட்டில், சூரசேனர் என்றொரு மன்னர் இருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஆசை வந்துவிட்டால் அடம்பிடிப்பார். அவருடைய ஆசைகளில் பெரிய ஆசை தெப்பம். தம் பிறந்தநாள் தோறும் அரண்மனைக்கு எதிரே இருக்கும் குளத்தில் அலங்காரத் தெப்பத்தில் ஏறி உட்கார்ந்து, மேளதாளத்தோடு சுற்றி வர வேண்டும். அது நடக்காவிட்டால் அவருக்குப் பிறந்த மாதிரியே இருக்காது.

அந்த வருஷம் குளத்தில் தண்ணீர் ஏது? அடிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தெப்பம் நடுக்குளத்தில் தரைதட்டி நின்றது. அதன் நிழலில் ஆடுகள் படுத்து அசைபோட்டன. அதையெல்லாம் மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டே மன்னர் சொன்னார், இந்த வருஷமும் தெப்பம் மிதந்தாக வேண்டும் என்று.

சபையில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிரதானி வல்லபராயர் மட்டும் தயாராக எழுந்தார். வடக்கே பெரிய ஏரியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கிடக்கிறது, மதகைத் திறந்துவிட்டால் வாய்க்கால் வழியாகக் குளம் நிரம்பிவிடும் என்றார். அந்த வாய்க்கால் போகிற வழியெல்லாம் அவருடைய வெற்றிலைக் கொடிக்கால். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? பிரதானியைப் பகைத்துக்கொள்ள யாருக்குத் துணிச்சல் இருந்தது?

தாண்டவன் என்று அந்தச் சபையில் ஒரு விகடகவி. வாயைத் திறந்தால் சபையே குலுங்கும். அன்றைக்கு அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அரண்மனையிலும் பிரதானி வீட்டிலும் கிணறு ஊறியது; ஜனங்களுக்குக் குடிக்க மிச்சமிருந்த தண்ணீர் அந்த ஏரி ஒன்றுதான். அவனுடைய தங்கை பொன்னாயி வாழ்க்கைப்பட்டதும் அந்த ஏரிக்கரை ஊரில்தான். வேண்டாம் பிரபு, ஏரியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

மன்னர் முகம் சுருங்கியது. வல்லபராயருக்கோ உள்ளுக்குள் குளிர்ந்தது. மன்னர் தாண்டவனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுவதைப் பார்த்துப் பார்த்து வெந்துகொண்டிருந்தவர் அல்லவா?

"அரசே, தாண்டவர் மகா கெட்டிக்காரர். மதகைத் திறக்காமலே தெப்பத்தை மிதக்க விடட்டுமே. முடியாவிட்டால் மதகும் திறக்கட்டும், அவரும் நாட்டை விட்டுக் கிளம்பட்டும்," என்றார்.

மன்னருக்கு அது பிடித்துப்போயிற்று. "கேள் தாண்டவா. இந்தக் குளத்தில், இந்தத் தெப்பம், என்னைத் தாங்கி மிதக்க வேண்டும். ஏரியில் ஒரு சொட்டும் குறையக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்று வாய் சொல்லிவிட்டது.

மறுநாள் தாண்டவன் ஏரிக்கரைக்குப் போனான். கடலாட்டம் கிடந்த ஏரி அது. இப்போது மதகை ஒட்டி ஒரு திட்டுத் தண்ணீர் மட்டும் மின்னியது. அதைச் சுற்றிப் பெண்கள் குந்தியிருந்து, கலங்காமல் கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் விட்டுக்கொண்டிருந்தார்கள். கோயிலில் நிற்பதைப் போல அத்தனை அடக்கமாக இருந்தார்கள். இந்த ஒரு திட்டுத் தண்ணீரா இத்தனை ஊரை உயிரோடு வைத்திருக்கிறது என்று நினைத்தபோது தாண்டவனுக்கு உடம்பு சிலிர்த்தது.

தங்கை வீட்டுக்குப் போனதும் பொன்னாயி பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"ஏண்ணே, உனக்கு வாய் சும்மா இருக்காதா? நீ தோத்துட்டா ஊரை விட்டுப் போயிருவ. நாங்க எங்கண்ணே போறது? புள்ளைக்குக் குடிக்க எதைக் குடுப்பேன்?"

தாண்டவன் தலையைக் குனிந்துகொண்டான். அதைப் பார்த்து அவளுக்கே சங்கடமாகிவிட்டது. ஒரு துண்டு வெல்லமாவது கடி என்று உள்ளே கூப்பிட்டாள்.

வெல்லப் பானை மூலையில் இருந்தது. எறும்பு ஏறாமலிருக்க வெல்லப் பானையைத் தண்ணீர்ச் சட்டியில் வைப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். பஞ்ச காலத்தில் சட்டி நிறையத் தண்ணீருக்கு எங்கே போவது? அதனால் பொன்னாயி பானைக்கு அளவெடுத்ததைப் போன்ற ஒரு சட்டியைப் பிடித்திருந்தாள். பானைக்கும் சட்டிக்கும் நடுவே விரல் நுழையாது. அந்தச் சந்தில் ஒரு செம்புத் தண்ணீர் விட்டிருந்தாள், அவ்வளவுதான்.

வெல்லம் எடுக்கத் தாண்டவன் பானையைத் தொட்டான். பானை சுழன்றது.

அவன் கையை எடுத்தான். மறுபடி ஒரு விரலால் தொட்டான். பாதி வரை வெல்லம் கிடந்த பானை, இரண்டு கையாலும் தூக்கத் திணற வேண்டிய பானை, காற்றில் ஆடும் பூவைப் போல மெதுவாகத் திரும்பியது. அது தரையில் இல்லை. ஒரு செம்புத் தண்ணீர் அதைத் தூக்கி வைத்திருந்தது. தாண்டவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். வெல்லத்தை மறந்துவிட்டான். தண்ணீர் இத்தனை பெரிதா என்று அவன் மனசு திரும்பத் திரும்பக் கேட்டது.

திரும்பி வந்ததும் குயவர்களையும் தச்சர்களையும் அழைத்துக்கொண்டு குளத்தில் இறங்கினான். சுற்றிலும் ஓலைத் தட்டி கட்டி மறைத்தான். பிறகு மன்னரிடம் போய் ஒரே ஒரு வரம் கேட்டான். பிறந்தநாள் காலையில் மன்னர் குளிப்பதற்காக அரண்மனைக் கிணற்றிலிருந்து இறைக்கும் தண்ணீர் தனக்கு வேண்டும். அதற்கு மேல் ஒரு குடமும் வேண்டாம். சபை விழுந்து விழுந்து சிரித்தது. அந்தத் தண்ணீர் குளத்தின் ஒரு மூலைக்குக் காணுமா என்று வல்லபராயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறந்தநாள் வந்தது. ஊரே கரையில் கூடிவிட்டது. ஏரிக்கரைப் பெண்களும் வந்திருந்தார்கள். குளிக்காத மன்னர் பட்டுடுத்திப் படியிறங்கினார். பக்கத்தில் நின்றவர்கள் மரியாதையாக ஓரடி தள்ளியே நின்றார்கள்.

தட்டியைப் பிரித்தார்கள். தெப்பம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் அடியில் களிமண்ணை மெழுகி, கூழாங்கல் பரப்பி, நாலு பக்கமும் விரல்கடைச் சந்து விட்டு, களிமண் சுவர் எழுப்பிப் பூசியிருந்தார்கள். பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டி வைத்தாற்போல் இருந்தது. மன்னர் ஒன்றும் புரியாமல் ஏறி உட்கார்ந்தார்.

குடங்கள் வந்தன. சந்தில் ஊற்றினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் ஊற்றினார்கள். தெப்பம் கல்லாட்டம் கிடந்தது. வல்லபராயர் மதகுக்குப் போக வேண்டிய ஆட்களுக்குக் கண் காட்டினார். தாண்டவன் கரையில் பொன்னாயியைத் தேடினான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். கடைசிக் குடங்களும் வந்துவிட்டன.

மரம் லேசாக முனகியது.

மன்னரின் முகம் மாறியது. ஏதோ ஒரு பெரிய கை தம்மை அடியிலிருந்து மெல்ல ஏந்துவதை அவர் உணர்ந்தார். தாண்டவன் ஒற்றை விரலால் தொட்டான். தெப்பமும் தூணும் தோரணமும் மன்னரும் சேர்ந்து அசைந்து, எதிர்ச்சுவர் வரை போய்த் திரும்பின. கரையில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"கண்கட்டு வித்தை, அரசே!" என்று வல்லபராயர் கத்தினார்.

நீரும் ஏறிப் பாரும் என்றார் மன்னர். பிரதானி சரியான கனம். ஏறினார். தெப்பம் கொஞ்சம் அமுங்கியது, சந்தில் தண்ணீர் கொஞ்சம் உயர்ந்தது, அவரையும் அது சுமந்தது. கரை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. தண்ணீருக்கு நல்லவர் கெட்டவர் தெரியாது போலிருக்கிறது.

மன்னர் சிரிக்கவில்லை. குனிந்து சந்தில் விரலை விட்டார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான், பிரபு. தினமும் தங்கள் மேனியில் வழிந்து சாக்கடைக்குப் போவது இதுதான்."

மன்னர் இறங்கப் போனார். தாண்டவன் கைகூப்பித் தடுத்து, தண்ணீரை வீணாக்கக் கூடாது, மாடுகளுக்கு மொண்டுகொள்ளும்வரை அமர்ந்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். குயவர்கள் சுவரடியில் ஒரு துளை போட்டுத் தண்ணீரைத் தொட்டியில் வடியவிட, ஏரிக்கரைப் பெண்கள் கொட்டாங்கச்சியோடு வந்தார்கள். அவர்கள் மொள்ள மொள்ள, மன்னர் தம் உடம்பு இறங்குவதை உணர்ந்தார். பொன்னாயி தன் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்த நேரம், தெப்பம் தடக்கென்று தரையில் உட்கார்ந்தது. நாடாளும் மன்னர் மறுபடி அசைக்க முடியாத பாரமாகிவிட்டார்.

அவர் குனிந்து வற்றிய சந்தைப் பார்த்தார். பிறகு, "என்னைத் தூக்கிப் பிடித்ததையா நான் இத்தனை நாளும் காலால் மிதித்துக் கழுவிவிட்டேன்!" என்றவர், தம்மையே நினைத்து வாய்விட்டுச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தாண்டவனுக்குப் போட்டார். மதகைத் திறக்கும் கோலைக் கொண்டுவரச் செய்து பொன்னாயியின் கையில் கொடுத்தார். மழை வரும்வரை அவளும் அவள் ஊர்ப் பெண்களும் சொல்லாமல், மன்னனே கேட்டாலும் மதகு திறக்கக் கூடாது என்றார். வல்லபராயர் தம் கொடிக்காலுக்குத் தண்ணீர் வேண்டுமானால் தம் வீட்டுக் கிணற்றில் இறைத்துத் தம் தோளிலேயே சுமக்கலாம் என்றும் உத்தரவாயிற்று.

அன்று முதல் மன்னர் குளியலுக்கு ஒரே ஒரு குடம்தான். அதையும் தலையில் ஊற்றுமுன் இரு கையாலும் ஏந்தி ஒரு நிமிஷம் பார்ப்பாராம். மழை வருகிறவரை அரண்மனையில் கூடிய செலவு ஒன்றே ஒன்று, அது அத்தர் வாங்கிய செலவு. அதற்குச் சபையில் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை.