கோதண்டம் பிடித்த பதினோரு கிரகங்கள்

கோதண்டம் வாயைத் திறந்தால் காது டாக்டர் அறையின் ஜன்னல் கதவெல்லாம் அதிரும். அவருக்கு இரண்டு காதும் மந்தம். ஊருக்கே மந்தம் என்று நினைத்துக்கொண்டு கத்துவார். மலைமேல் இருக்கும் வானாய்வுக் கூடத்தில் முப்பது வருஷம் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

அறை வாசலில், அவருக்கு எதிர் பெஞ்சில் ஜோஸ்பின், மடியில் பத்து மாசப் பிள்ளை எபின். போன வாரம் அவன் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டு விழுந்து உருண்டது. பிள்ளை திரும்பவே இல்லை. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பரிசோதனைக்குப் பிள்ளை தூங்கியாக வேண்டுமாம். காலையிலிருந்து தோளில் போட்டு நடந்து நடந்து, இப்போதுதான் கண்ணை மூடியிருந்தான்.

“அங்கிள், கொஞ்சம் மெதுவா பேசுங்களேன்.”

“கிரகத்த எப்பிடிப் புடிச்சேன்னா கேக்குற? சொல்றேன் கேளு!” என்றார் கோதண்டம், இன்னும் உரக்க. “எரியுற டியூப் லைட் மேல பல்லி போவுதுன்னு வெச்சுக்க. தூரத்துல இருந்து பாத்தா பல்லி தெரியாது, வெளிச்சம் மட்டும் துளி மங்கும். நட்சத்திரம் மங்குனா குறுக்க ஒரு கிரகம் போவுதுன்னு அர்த்தம். உள்ள சயின்டிஸ்டுங்க கம்ப்யூட்டர்ல தேடுறாங்க. நான் வெளிய ஜீப் கண்ணாடிய நியூஸ்பேப்பரால தொடச்சிட்டு வெறுங்கண்ணால பாக்குறேன். டீ ஆறறதுக்குள்ள நாலு! மீதிய டிபனுக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு வுட்டேன். மொத்தம் பதினொண்ணு!”

காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த கண்டக்டர் ஏழுமலை சிரித்தார். “பெருசு, கண்ணாடில ஒட்டுன கொசுவா இருக்கும்!” பஸ்ஸில் பழகிய குரல், கோதண்டத்துக்கே கேட்டுவிட்டது.

“அதுக்குத்தான்யா சட்டமே இருக்குது! ஒரு தடவ மங்குனா கொசு. ரெண்டாவது தடவ மங்குனா மேகம். மூணாவது தடவயும் மங்குனாத்தான் கிரகம், நோட்டுல எழுதலாம்.”

“நீ முந்நூறு தடவ சொன்னாலும் நாங்க எழுத மாட்டோம்.”

“எழுதாத போ! ஒவ்வொண்ணும் இன்னா சைஸு தெரியுமா? நம்ம வியாழன் இருக்குதே, அத்தப் பக்கத்துல வெச்சா மசால் வடைல ஒட்டுன கடலப்பருப்பு மாதிரி இருக்கும். அதுல ஒண்ணு நட்சத்திரத்த மூணே நாள்ல சுத்திடும். மூணு நாள்தான் அங்க ஒரு வருஷம். பொங்கலுக்கு லீவு வுட்டா, லீவு முடியறதுக்குள்ள அடுத்த பொங்கல்!”

“அப்போ இன்கிரிமென்ட்?” என்று கேட்டார் கண்டக்டர்.

“மூணு நாளைக்கு ஒண்ணு! அங்க டிரான்ஸ்ஃபர் கேட்டு மனுவே போட்டேன். ஜீப்புக்கு டீசல் அலவன்ஸ் பத்தாதுன்னு தள்ளிட்டாங்க.”

வரிசை முழுக்கச் சிரித்தது. ஜோஸ்பின் மட்டும் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கத்தலில் கூரையே பெயர்ந்துவிடும் போலிருக்கிறது. எபின் அசையவே இல்லை. ‘ஐயோ, முழிச்சிடுவானே’ என்று பயந்தவள், ‘மாதாவே, முழிக்க மாட்டேங்கிறானே’ என்று பயப்படத் தொடங்கினாள்.

“ஒரு நாள் அந்தக் கிரகம் நட்சத்திரத்துக்கு நேரா வந்து நின்னுடுச்சு. நகரவே இல்ல. நட்சத்திரம் ஃபுல்லா இருட்டு. சயின்டிஸ்டுங்க தலைல கைய வெச்சுட்டாங்க. நான் ஜீப்ப மலை உச்சிக்கு ஏத்தி, மூஞ்சிய மேல திருப்பி நிறுத்தி, ஹாரன்ல கைய வெச்சேன்...”

“ஆகாசத்துல சத்தமே போகாதுய்யா!” என்றார் கண்டக்டர்.

“வேறெவன் ஹாரனோ போவாது. நான் அடிச்சேன் பாரு...” கோதண்டம் பெஞ்சில் ஓங்கித் தட்டினார். “பாஆஆம்!”

எபினின் இரண்டு கையும் மேலே பறந்தன. கண் திறந்தது.

கேட்டுவிட்டதா? இல்லை, பெஞ்சில் தட்டிய அதிர்வாக இருக்கும். ஜோஸ்பின் எழுந்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். “அங்கிள்! இன்னொரு தடவ அடிங்க!” என்று கத்தினாள். “பெஞ்சத் தொடாம. அந்தத் தூணுக்குப் பின்னால போய்!”

கண்டக்டருக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையின் முன்னால் மண்டியிட்டு, தன் பேட்ஜை ஆட்டி வேடிக்கை காட்டினார். தூணுக்குப் பின்னாலிருந்து, “பாஆஆம்!”

பேட்ஜை விட்டுவிட்டு எபின் தூண் பக்கம் திரும்பினான்.

“மேகமா இருக்கும்,” என்றார் கண்டக்டர். இரண்டு விரலைக் காட்டினார். “பெருசு, இந்தாண்ட வா! இந்தக் காதுக்கு ஒண்ணு!”

“பாஆஆம்!”

அந்தப் பக்கமும் திரும்பினான். திரும்பியதோடு விடாமல், உதட்டைக் குவித்து “ப்பா” என்றான்.

அறைக் கதவு படாரென்று திறந்தது. “இது ஆஸ்பத்திரியா, பஸ் ஸ்டாண்டா?” டெஸ்ட் எடுக்கும் பெண். “பிள்ளையத் தூங்க வைங்கன்னா முழிக்க வெச்சிருக்கீங்க? இன்னிக்கு எடுக்க முடியாது. அடுத்த செவ்வாக்கெழம வாங்க.”

“வர்றோம் மேடம், கண்டிப்பா வர்றோம்,” என்றாள் ஜோஸ்பின். அழுதுகொண்டே சிரித்தாள், பிள்ளையின் இரண்டு காதிலும் மாற்றி மாற்றி முத்தமிட்டாள்.

கண்டக்டர் கோதண்டத்தின் தோளில் கை போட்டார். அன்றைக்கு முதன்முறையாக மெல்லப் பேசினார்.

“அந்தப் பதினொண்ணும் பச்சப் புளுகு, பெருசு. இது பன்னெண்டாவது. மூணு தடவையும் நானே பாத்தேன். நோட்டுல எழுதிக்க.”

கோதண்டம் காதருகே கையைக் குவித்தார்.

“இன்னா சொன்ன?”